யலம்லம் தாண்டுவதற்குள்

தஸ்தகீர் சாயபு கோணி தைக்கிறவர். உத்திரமேரூர் பஜாரில் நன்னே சாயபுவின் மல்லாட்டை மண்டியில் பதினாறு வயதில் பிடித்த கோணி ஊசியை ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் கீழே வைக்கவில்லை. வேர்க்கடலையை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். காவாந்தண்டலம், கூரம் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து கொட்டுவார்கள். காயவைத்து, புடைத்து, மூட்டை பிடித்து, வாய் தைத்து அனுப்ப வேண்டும். அவர் தைத்த மூட்டை மெட்ராஸ் போய்ச் சேரும்வரை ஒரு கொட்டை சிந்தாது என்று லாரிக்காரர்களே சொல்வார்கள். ஊரில் அவருக்கு அந்தப் பெயர் போதுமானதாக இருந்தது.

ஆனால் அவருக்கு உள்ளூர ஓர் ஆசை இருந்தது. மக்காவுக்குப் போய் ஹஜ் செய்துவிட்டு வர வேண்டும். கோணி தைக்கிறவனுக்கு ஹஜ் ஆசை வந்தால் ஊர் சிரிக்கும். எனவே தானாக வாயைத் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஆசையைக் கிளப்பிவிட்டதே முதலாளி நன்னே சாயபுதான். ஒரு நாள் மண்டிக்கு வந்த ஆம்பூர் வியாபாரி ஒருவர் கப்பலில் போய்வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை முடிந்ததும் நன்னே சாயபு திரும்பிப் பார்த்தார். தஸ்தகீர் ஊசியைக் கோணியில் குத்தியபடியே வைத்துக்கொண்டு வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடா அப்படிப் பாக்கற? நான் போவும்போது உன்னையும் இஸ்துக்கினு போறேன். போதுமா?" என்றார் முதலாளி.

விளையாட்டாகச் சொன்னதை அவர் விளையாட்டாக விடவில்லை. அதற்கப்புறம் பதினெட்டு வருஷம், ஒவ்வொரு பக்ரீத் தொழுகை முடிந்ததும் கட்டிப்பிடித்து, "அடுத்த வருசம் நாம ரெண்டு பேரும் அங்கடா" என்பார். ஒரு வருஷம் மகள் கல்யாணம் வரும். ஒரு வருஷம் மழை பொய்க்கும். ஒரு வருஷம் முழங்கால் மடங்காது. கடைசியில் ஒரு பக்கம் கைகால் விழுந்து படுக்கையாகிவிட்டார். ஒன்பது மாதம் அவரைத் தூக்கி உட்காரவைத்து, கழுவி, தொழுகைக்கு முகம் கைகால் நனைத்து ஒளு செய்துவிட்டதெல்லாம் தஸ்தகீர்தான். பெற்ற மகனுக்கு மண்டி வேலை சரியாக இருந்தது. 1957ஆம் வருஷம் ஆடி மாதம் ஒரு காலை நேரத்தில் பெரியவர் கண்ணை மூடினார். ஹஜ் செய்யாமலேயே போய்விட்டாரே என்று எல்லாரையும்விட அதிகமாக அழுததும் தஸ்தகீர்தான். அந்த அழுகையில் தன் ஆசைக்கான அழுகையும் கொஞ்சம் கலந்திருந்தது. அதை அவர் ஒளிக்கவில்லை, மனைவி பியாரிமாவிடம் சொல்லிவிட்டார்.

மகன் பெயர் முனவ்வர். அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பேச்சில் மரியாதை, வேலைக்காரரையும் பெயரோடு பாய் சேர்த்துக் கூப்பிடும் பழக்கம், ஐந்து வேளைத் தொழுகை எல்லாம் உண்டு. ஒரே ஒரு குணம். எதையும் ஒரு வேலைக்கு மட்டும் செலவழிக்க அவருக்கு மனம் வராது. மூட்டை ஏற்றிக்கொண்டு வண்டி ஓரிக்கைப் பக்கம் போனால் வெறும் வண்டியாகத் திரும்பக் கூடாது. பாலாற்று மணலையாவது அள்ளிப் போட்டுக்கொண்டு வர வேண்டும். சாமர்த்தியசாலி என்று ஊரார் மெச்சினார்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யார் கண்டார்கள்?

பெரியவரின் நாற்பதாம் நாள் பாத்தியா ஓதலில் ஜமாத்தார் எல்லாரும் கூடியிருந்தபோது முனவ்வர் எழுந்து நின்றார். "அடுத்த ஹஜ்ஜுக்கு நான் போறேன். அத்தா சொன்னபடி தஸ்தகீர் பாயையும் கூட்டினு போறேன்" என்றார். மாஷா அல்லாஹ் என்று பந்தலே முழங்கியது. அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்ற தஸ்தகீருக்குக் கண் மங்கிவிட்டது. யாரோ அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, "போய் உக்காரு பாய், நீ ஹாஜியாரு" என்றார்கள். அன்றைக்கு அந்தச் சொல் அவருக்கு அவ்வளவு இனித்தது.

மறு வருஷம் அக்னி நட்சத்திர வெயிலில் இரண்டு பேரும் புறப்பட்டார்கள். செங்கல்பட்டு வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயிலில் மெட்ராஸ், மெட்ராஸிலிருந்து பம்பாய். பம்பாயில் ஹாஜிகள் தங்கும் முசாபர்கானாவில் கப்பலுக்காகப் பன்னிரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஊசி போடுகிறவர்கள், சீட்டுப் பார்க்கிறவர்கள், உருதுவில் அதட்டுகிறவர்கள் எல்லாரும் வந்து போனார்கள். தஸ்தகீருக்கு எதுவும் பேஜாராகத் தெரியவில்லை. தமிழ் ஹாஜிகளுக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு ஹஜ்ரத், மார்க்கம் படித்தவர், சாயங்கால அஸர் தொழுகைக்கு அப்புறம் ஹஜ் சட்டம் சொல்லிக் கொடுத்தார். அதற்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவார்.

ஹஜ்ரத் பாடம் நடத்துகிற மாதிரி சொல்ல மாட்டார், வழி சொல்கிற மாதிரி சொல்வார். மக்காவைச் சுற்றி நாலா பக்கமும் ஓர் எல்லை இருக்கிறது. எந்தத் திசையிலிருந்து வருகிறவனும் அந்தந்த எல்லையை இஹ்ராம் இல்லாமல் தாண்டக் கூடாது. இஹ்ராம் என்றால் தைக்காத இரண்டு வெள்ளைத் துணி மட்டும் இல்லை. துணியைக் கட்டிக்கொண்டு, இன்ன ஹஜ்ஜை நான் செய்கிறேன் என்று மனதில் உறுதி வைத்து, லப்பைக், இதோ வந்துவிட்டேன் ஆண்டவனே, என்று சொல்ல வேண்டும். அந்த உறுதிக்குத்தான் நிய்யத் என்று பெயர். கடல் வழியாகப் போகிற நமக்கு எல்லை யலம்லம் என்கிற மலை. கப்பலிலிருந்து மலை கண்ணுக்குத் தெரியாது, அதற்கு நேராக வரும்போது கப்பல்காரனே ஊதிச் சொல்லிவிடுவான்.

"ஜித்தாவுல எறங்கி நிதானமாக் கட்டிக்கினா ஆவாதா ஹஜ்ரத்?" என்று ஒருவர் கேட்டார்.

"எல்லையத் தாண்டிட்டு எங்க கட்டினாலும் குத்தம்தான். திரும்பி எல்லைக்கு வரணும், இல்லன்னா ஓர் ஆட்டை அறுக்கணும். முன்னாடி கட்டினா குத்தமில்ல. இங்கயே, இந்த பம்பாயிலயே கட்டிக்கினாலும் கூடும். ஆனா அப்புறம் எண்ணெய் கூடாது, வாசனை கூடாது, ஒரு முடி வெட்டக் கூடாது, ஒரு பேன் கொல்லக் கூடாது. சண்டை கூடாது, பொய் கூடாது. அத்தினி நாளு தாங்குவீங்களா?"

தஸ்தகீர் தாங்குவார். தாங்குவதுதானே அவருக்குத் தெரிந்த வேலை. அவருக்கு வேறொரு பயம் இருந்தது. கப்பல் ஊதும்போது தூங்கிவிட்டால்? காய்ச்சலில் கிடந்தால்? பதினெட்டு வருஷம் காத்திருந்து ஓர் ஊதலில் தவறிப்போனால் என்ன செய்வது? கப்பல் ஏறுகிற அன்று காலையில் குளித்து, பெட்டியிலிருந்து இரண்டு துணியையும் எடுத்து உதறினார்.

முனவ்வர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னா பாய் அவசரம்? எட்டு நாளு, பத்து நாளு எப்படிக் கஷ்டப்படுவீங்க? மடிச்சி வெய்ங்க. நேரம் வந்தா நானே வந்து சொல்றேன். நான் சொல்லாம கட்டிக்காதீங்க, என் மேல ஆணை."

எவ்வளவு அக்கறை பாருங்கள். தஸ்தகீருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. துணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

கப்பலில் முனவ்வருக்கு மேலே கேபின், தஸ்தகீருக்குக் கீழே டெக். பாயை விரித்தால் பாய்க்குப் பாய் இடைவெளி கிடையாது. பாதிப் பேர் வாந்தி, பாதிப் பேர் கையேந்தித் துஆ. எட்டாம் நாள் காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு யலம்லத்துக்கு நேராக வருகிறோம், மூன்று தடவை ஊதும், எல்லாரும் தயாராக இருங்கள். அவ்வளவுதான், கீழ்த்தளம் கல்யாண வீடாகிவிட்டது. வாளி வாளியாக உப்புத் தண்ணீர் இறைத்துக் குளித்தார்கள். நகம் வெட்டினார்கள். ஒருவர் தாடியை ஒருவர் சீவிவிட்டார்கள். தஸ்தகீர் குளித்து, வாழ்நாளெல்லாம் தைத்துத் தைத்துக் காப்புக் காய்ச்சிய கையால் தைக்காத துணியை எடுத்து இடுப்பில் சுற்றினார். முடிச்சு நிற்கவில்லை, இரண்டு தடவை அவிழ்ந்தது. பக்கத்துப் பாய்க்காரர் சிரித்துக்கொண்டே கட்டிவிட்டார். நிய்யத்தை மட்டும் முனவ்வர் வந்து சொல்லட்டும் என்று நிறுத்தி வைத்தார்.

இரண்டு மணி வாக்கில் முனவ்வர் கீழே இறங்கி வந்தார். இன்னும் ஜிப்பாவும் பைஜாமாவும்தான் போட்டிருந்தார். தஸ்தகீரின் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"தஸ்தகீர் பாய், நிய்யத் வெக்கும்போது அத்தா பேரைச் சொல்லணும்."

"சொல்லாம இருப்பனா சின்ன மொதலாளி? அங்க போனதும் மொத துஆ அவருக்குத்தான்."

"துஆ இல்ல பாய். நிய்யத்தே அவரு பேர்லதான். இது அத்தாவோட ஹஜ்ஜு. அவருக்குப் பதிலா நீங்க செய்யறீங்க."

தஸ்தகீருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. இறந்துபோனவருக்குப் பதிலாக இன்னொருவர் ஹஜ் செய்யலாம் என்று ஹஜ்ரத் சொல்லியிருந்தார். அது யாரோ யாருக்கோ செய்வது என்று அவர் நினைத்திருந்தார்.

"அப்ப என்னுது?" என்றார்.

முனவ்வர் தரையைப் பார்த்தார். "கடைசியா அத்தா என் கையைப் புடிச்சிக்கினு சொன்னாரு. தஸ்தகீரை அனுப்பு, எனக்காக அவன் செய்யட்டும், வேற யாரு செஞ்சாலும் என் மனசு ஆறாதுன்னாரு. ஊர்லயே சொல்லியிருப்பேன். உங்க சந்தோசத்தைக் கெடுக்க மனசு வரல."

தஸ்தகீர் எழுந்து, கட்டின துணியோடு ஹஜ்ரத்தைத் தேடிக்கொண்டு போனார். ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டார். "கூடும். ஏற்கெனவே தன்னோட ஹஜ்ஜை முடிச்சவரு போறதுதான் நல்லது. ஆனா முடிக்காதவரு செஞ்சாலும் நம்ம மத்ஹபுச் சட்டத்துல கூடும். நிய்யத்து உங்க மனசு. யாரும் உள்ள வந்து பாக்க முடியாது. ஆனா ஒண்ணு, எல்லையத் தாண்டறதுக்குள்ள ஒரு பக்கமா முடிவு பண்ணிடுங்க. அப்பால மாத்த முடியாது."

முன்னால் ஜித்தா. பின்னால் எட்டு நாள் தண்ணீர். யாருக்கும் தெரியாமல் தன் பேரில் நிய்யத் வைத்துவிட்டால் என்ன? அந்த நினைப்பும் வந்தது. மனுஷன்தானே. ஆனால் ஒன்பது மாதம் தூக்கிச் சுமந்த உடம்பு அவருக்கு ஞாபகம் வந்தது. எலும்பும் தோலுமாக, ஒரு பக்கம் செத்த கையோடு, ஒளு செய்துவிடும்போது குழந்தை மாதிரி முகத்தை நீட்டுவார் பெரியவர். அவர் தன்னைத்தான் கேட்டிருக்கிறார். வேறு யார் செய்தாலும் மனசு ஆறாது என்றிருக்கிறார். ஒரு மனுஷன் கடைசிப் பேச்சில் தன்னைக் கேட்டிருக்கும்போது, எனக்கு என்னுது வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

நாலு மணிக்குக் கப்பல் ஊதியது. ஒன்று, இரண்டு, மூன்று. டெக் முழுக்க லப்பைக் என்று எழும்பியது. தஸ்தகீர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மலை தெரியாத பக்கமாகப் பார்த்து, நன்னே சாயபுவுக்காக இந்த ஹஜ்ஜைச் செய்கிறேன் என்று மனதிலும் வைத்தார், வாயாலும் சொன்னார். களவு எதுவும் வைக்கவில்லை, முழுசாகக் கொடுத்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது. வருத்தம்தான், ஆனால் அதற்குள்ளே ஒரு பெருமையும் இருந்தது. பெரியவர் என்னைத்தான் நம்பினார் என்கிற பெருமை. அந்தப் பெருமையைப் பிடித்துக்கொண்டுதான் கஅபாவைச் சுற்றினார், அரபாத் மைதான வெயிலில் நின்றார், கல் எறிந்தார். எல்லா இடத்திலும் நன்னே சாயபுவுக்கென்று கேட்டார். தனக்கென்று கேட்க வாய் வரவில்லை. வாடகை வண்டியில் தன் மூட்டையை ஏற்றுவது போலக் கூச்சமாக இருந்தது.

ஆவணியில் ஊர் திரும்பினார்கள். ஹஜ்ஜிலிருந்து வந்தவரின் துஆ நாற்பது நாளைக்குத் தட்டாது என்று ஊரில் நம்பிக்கை. காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மருமகள் உண்டாகவில்லை என்று வருவார்கள். சேரியிலிருந்து முனியம்மாள் தன் பசுவையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எல்லாருக்கும் ஓதி ஊதினார். தான் செய்தது யாருடைய ஹஜ் என்று வீட்டில் பியாரிமாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவள் மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீர்க் குப்பியைத் துடைத்து மாடத்தில் வைத்தாள். பிறகு, "பெரியவருக்குத்தானே, போவட்டும்" என்றாள்.

இருபத்தைந்தாம் நாளோ என்னவோ, வேதகிரி வந்தார். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டுப் பத்திரம் எழுதுகிறவர். நன்னே சாயபுவுக்கு நெருங்கிய சிநேகிதர். நெற்றியில் திருநீறும் கையில் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக வந்து உட்கார்ந்து, ஒரு வாய் ஜம்ஜம் தண்ணீர் கேட்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தார். ஒரு பேரீச்சம்பழத்தை மென்றுகொண்டே கேட்டார்.

"சரி பாய், பெரியவருக்காகப் போன ஆளு வந்துட்டாரா? எந்த ஊர்க்காரரு அவரு?"

"பெரியவருக்காகப் போனது நான்தான்" என்றார் தஸ்தகீர்.

வேதகிரி மெல்லுவதை நிறுத்தினார். "நீங்க உங்களுக்காகப் போனீங்க. அவருக்காகப் போனது யாருன்னு கேக்கறேன்."

"நான்தான் சாமி. அவரு கடைசியா அப்படித்தான் சொன்னாராம்."

"யாரு சொன்னது? நான் எழுதின காயிதமாச்சே அது!" வேதகிரியின் குரல் உயர்ந்தது. "சாவறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி என்னை வூட்டுக்குக் கூப்பிட்டு எழுதச் சொன்னாரு. நாக்கு குழறுது, ஆனா புத்தி தெளிவா கீது. எனக்காக ஒருத்தரை அனுப்பு, ஏற்கெனவே போய்வந்தவரா பாத்து அனுப்பு. தஸ்தகீரை அவனுக்காவ அனுப்பு. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாத, தனித்தனியா செய். இந்தக் கடைசி வரியை மூணு தபா படிச்சிக் காட்டச் சொன்னாரு பாய். மவனைத் தெரிஞ்சவரு இல்ல? முனவ்வர்தான் காயிதத்தை வாங்கி வெச்சிக்கினாரு."

உள்ளே பியாரிமாவின் கையிலிருந்து எதுவோ விழுந்து உருண்டது. வேதகிரிக்கு அப்போதுதான் தான் எதைச் சொல்லிவிட்டோம் என்பது புரிந்தது. பழச்சீப்பை வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டார்.

தஸ்தகீர் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஹஜ் போனது ஒரு பக்கம். பெரியவர் தன்னைக் கேட்கவே இல்லை. கேட்காதது மட்டுமில்லை, இவனுக்கு இவனுடையது கிடைக்கட்டும் என்று குழறுகிற நாக்கால் சொல்லி, மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். எந்தப் பெருமையைப் பிடித்துக்கொண்டு அரபாத்தில் நின்றாரோ அது முனவ்வர் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்து செய்துகொடுத்த பெருமை. பம்பாயில் துணியை உதறியபோது ஓடி வந்து கையைப் பிடித்தது எதற்கென்று இப்போது விளங்கியது. அங்கே கட்டியிருந்தால் தன் பேரில் கட்டியிருப்பார். அப்புறம் முனவ்வரால் எதுவும் செய்திருக்க முடியாது. அதனால்தான் திரும்ப முடியாத கடலில், எல்லைக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது வந்து சொன்னார். அதையும் முனவ்வர், தாம் இஹ்ராம் கட்டுவதற்கு முன்பே சொல்லி முடித்துவிட்டார். கட்டிய பின் பொய் சொல்லக் கூடாது அல்லவா, மார்க்கம் தெரிந்தவர்!

எழுந்து நேராக மண்டிக்குப் போனார். பியாரிமா பின்னாலேயே வந்து, "நாம குடியிருக்கறது அவுங்க வூடுங்க, வாணாங்க" என்றாள். காதில் வாங்கவில்லை.

முனவ்வர் கல்லாவில் இருந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. ஆளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"காயிதத்துல தனித்தனின்னு எழுதிக் கீதாமே சின்ன மொதலாளி."

"வேதகிரி வந்தாரா?" முனவ்வர் குரலை உயர்த்தவில்லை. "பாய், ஹஜ்ரத்துகிட்ட நீங்களே போய்க் கேட்டீங்க. கூடும்னாரு. உங்க வாயால சரின்னீங்க. அத்தாவுக்கும் ஹஜ்ஜு ஆச்சு, உங்களுக்கும் அதே நன்மை. ரெண்டு பேர் போற எடத்துல ஒருத்தர் போனா இன்னா கொறைஞ்சி போச்சு?"

"அவரு என்னைக் கேட்டாருன்னு சொன்னீங்களே. அது?"

முனவ்வர் கல்லாவைப் பூட்டினார். பிறகு சொன்னார்: "பொறப்படற அன்னிக்கி உங்க வூட்டுக்கு வந்து உங்க ரெண்டு கையும் புடிச்சிக்கினு மாப்பு கேட்டேன் பாய். தெரிஞ்சி செஞ்சது, தெரியாம செஞ்சது, எல்லாத்தையும் மன்னிச்சிடுங்கன்னு கேட்டேன். மன்னிச்சேன்னு அழுதுக்கினே சொன்னீங்க. மறந்துட்டீங்களா?"

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவன் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மனுஷனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனுஷன் மன்னிக்காமல் ஆண்டவன் மன்னிக்க மாட்டான் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். அதையும் முனவ்வர் வீணாக்கவில்லை. ஏமாற்றப்போகிற ஆளிடமே முன்கூட்டி மன்னிப்பை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு கப்பல் ஏறியிருக்கிறார். கொடுத்தது கொடுத்ததுதான். ஹஜ்ஜைக் கொடுத்ததும் இந்த வாய், மன்னிப்பைக் கொடுத்ததும் இந்த வாய். தஸ்தகீர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். மறுநாள் மண்டிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

பத்து நாள் கழித்துப் பெரியவரின் வருஷ பாத்தியா வந்தது. பயணத்தால் தள்ளிப்போயிருந்ததை முனவ்வர் விமரிசையாக வைத்திருந்தார். தஸ்தகீர் போகக் கூடாது என்றுதான் இருந்தார். பெரியவருக்கான பாத்தியாவுக்குப் போகாமல் இருக்க முடியாது என்று பியாரிமாதான் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். போகிற வழியெல்லாம் ஒரே யோசனை. எல்லார் முன்னாலும் எழுந்து சொல்லிவிடலாம். வேதகிரியும் வந்திருப்பார், சாட்சி சொல்லுவார். முனவ்வரின் மானம் அங்கேயே கப்பலேறிவிடும். ஆனால் கூடவே பெரியவரின் ஹஜ்ஜும் சந்திக்கு வரும். கூடியதா, கூடாததா, பொய் சொல்லி வாங்கினது செல்லுமா என்று டீக்கடைதோறும் பேசுவார்கள். செத்த மனுஷனின் ஹஜ் பஜாரில் ஏலம் போகும். அதற்காகவா அவ்வளவு தூரம் போய் வெயிலில் நின்றது?

பந்தல் நிறைந்திருந்தது. இந்துக்களுக்குத் தனியாகச் சமைத்து ஓரத்தில் இடம் போட்டிருந்தார்கள். அங்கே வேதகிரி குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். ஓதி முடித்ததும் முனவ்வர் எழுந்தார்.

"எங்க அத்தாவோட ஹஜ்ஜு நெறைவேறிடுச்சு. அவரு சொன்னதை ஒரு எழுத்து விடாம செஞ்சிட்டேன். நெறைவேத்திக் குடுத்தது தஸ்தகீர் பாய். தன்னோட ஹஜ்ஜையே எங்க அத்தாவுக்குக் குடுத்தாரு. இந்தக் காலத்துல யாரு செய்வாங்க? அவரே துஆ ஓதட்டும்."

ஊர் அசந்துபோனது. எப்பேர்ப்பட்ட விசுவாசம் என்று கிழவர்கள் எழுந்து வந்து தஸ்தகீரின் கையை முத்தமிட்டார்கள். ஒவ்வொரு முத்தமும் அவருக்கு அறை விழுந்த மாதிரி இருந்தது. கொடுத்தாராமே! எடுத்துக்கொண்டவன் நின்றுகொண்டு கொடுத்தார் என்கிறான், ஊர் தலையாட்டுகிறது.

தஸ்தகீர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஏந்தினார். பந்தல் முழுக்க எழுந்து நின்று கைகளை ஏந்தியது. முனவ்வரும் ஏந்தினார். தமிழிலேயே கேட்டார்.

"யா அல்லா! நன்னே சாயபுவோட ஹஜ்ஜை ஏத்துக்க. அதுல எந்தக் கொறையும் வெக்காத. அவரோட கபுருக்குழியை வெளிச்சமா வெய்."

"ஆமீன்" என்றது பந்தல்.

"யா அல்லா! அவரு ரெண்டு பேரை அனுப்பச் சொன்னாரு. ஒருத்தரு போய்ட்டு வந்துட்டாரு. இன்னொருத்தரு இன்னும் எல்லைக்கு இப்பாலயே நிக்கறாரு. பெரியவரு ஆசைப்பட்டபடியே அவரையும் அந்த எல்லையத் தாண்ட வெய்."

"ஆமீன்" என்றது பந்தல், முன்னைவிட உரக்க. ஓரத்தில் வேதகிரி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். முனவ்வரின் உதடு மட்டும் சும்மா இருந்தது. பக்கத்தில் நின்ற பள்ளிவாசல் முத்தவல்லி அவரைத் திரும்பிப் பார்த்தார். தகப்பனுக்காகக் கேட்கிற துஆவுக்கு மகன் ஆமீன் சொல்லாமல் இருப்பதாவது! முனவ்வர் ஆமீன் சொன்னார்.

கையை முகத்தில் தடவிக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் ஸஹன் தட்டுகள் வரத் தொடங்கின. முத்தவல்லி தஸ்தகீரைத் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, முனவ்வருக்குக் கேட்கும்படியாகவே விசாரித்தார்.

"பெரியவரு ரெண்டு பேரை அனுப்பச் சொன்னாரா? தெரியவே தெரியாதே! யாரு பாய் அந்த இன்னொருத்தரு? எந்த ஊரு?"

"இந்த ஊருதான்" என்றார் தஸ்தகீர். "பாவம், இன்னும் போவல."